ப்ரூஃப் செட்டாக மதிப்பதா, உதிரி நாணயங்களாக மதிப்பதா? புதிய சேகரிப்பாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

ப்ரூஃப் செட் (சேகரிப்பாளர்களுக்கென்று தனி முறையில் தயாரிக்கப்பட்ட ஓர் ஆண்டின் நாணயங்களின் தொகுப்பு) ஒன்று கைக்கு வந்தவுடன், விலைப்பட்டியலை எடுத்து, உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாணயத்துக்கும் எதிரே அச்சிடப்பட்டிருக்கும் தொகையைக் கூட்டிப் பார்ப்பது புதிதாகச் சேகரிக்கத் தொடங்கியவர்களின் வழக்கம். அந்தக் கூட்டுத்தொகை, அதே செட் முழுதாகக் கைமாறும் விலையைவிடப் பெரும்பாலும் அதிகமாகவே இருக்கும். பெட்டியைப் பிரித்து உதிரியாக விற்றால் லாபம் என்ற எண்ணம் அங்கேதான் பிறக்கிறது. ஆனால் பட்டியலில் உள்ளது வணிகர் விற்கும் விலை. நம்மிடமிருந்து அவர் வாங்கும் விலை அன்று. அந்த விலைகூட, குறிப்பிட்ட தரத்தில் இருக்கும் நாணயத்துக்கு, அந்தக் குறிப்பிட்ட நாணயத்தையே தேடும் ஒருவர் கிடைத்தால் மட்டும் செல்லுபடியாகும். அரை டாலருக்கு ஆள் கிடைக்கலாம்; அதே செட்டில் மிஞ்சும் ஒரு சென்ட் நாணயம் நெடுநாள் கையிலேயே தங்கிவிடலாம்.

ஆகவே எந்தச் செட்டுக்கும் இரண்டு கணக்குகள் போட வேண்டும். முதலாவது, செட் இருக்கிறபடியே விற்றால் கிடைக்கும் தொகை. இரண்டாவது, பிரித்தால் கிடைக்கும் தொகையிலிருந்து பிரிப்பதற்கும் விற்பதற்கும் ஆகும் செலவைக் கழித்தது. இந்த இரண்டையும் போட்டு முடிக்கும்வரை உறையில் கை வைக்கக் கூடாது. ஒருமுறை பிரிக்கப்பட்ட செட் மறுபடி அசல் செட் ஆகாது. கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த இரண்டு கணக்குகளையும் நம்பகமாகப் போடுவதற்கானவையே.

படி 1: கையில் இருப்பது ப்ரூஃப் தானா என்று உறுதிசெய்யுங்கள்

ப்ரூஃப் என்பது நாணயத்தின் தரத்தைக் குறிக்கும் சொல் அன்று. அது தயாரிக்கப்பட்ட முறையைக் குறிப்பது. மெருகேற்றிய அச்சுகளைக் கொண்டு, தேர்ந்தெடுத்துத் துலக்கிய வெற்றுவில்லைகளின் (இன்னும் அடிக்கப்படாத உலோக வட்டுகளின்) மேல், ஒன்றுக்கு மேற்பட்ட முறை அழுத்தமாக அடிப்பதால், புழக்க நாணயத்தில் காண முடியாத கூர்மையான விளிம்பும் கண்ணாடி போன்ற தளமும் இதற்குக் கிடைக்கின்றன. தயாரிப்பு முறையே அடையாளம் என்பதால், யாரோ செலவழித்துத் தேய்ந்துபோன ப்ரூஃப் நாணயமும் ப்ரூஃப் நாணயம்தான். மதிப்பு மட்டும் இறங்கிவிடும்.

நாணயச்சாலைகள் ப்ரூஃப் செட்களுடன், புழங்காத நாணயங்களைக் கொண்ட செட்களையும் அழகான உறையில் வெளியிடுகின்றன. பெட்டி பளபளப்பாக இருப்பதை மட்டும் வைத்து ப்ரூஃப் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அமெரிக்காவில் 1965 முதல் 1967 வரை ப்ரூஃப் செட்களே வெளியாகவில்லை; அந்த மூன்று ஆண்டுகளுக்கும் வந்தவை சிறப்பு நாணயச்சாலைத் தொகுப்புகள். அவற்றை ப்ரூஃப் என்று சொல்லி விற்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

நாணயச்சாலைக் குறியையும் பாருங்கள். அமெரிக்காவின் வழக்கமான ப்ரூஃப் செட்கள் 1968 முதல் சான் பிரான்சிஸ்கோவில் தயாராவதால் அவற்றில் ‘எஸ்’ எழுத்து இருக்கும். இந்தியாவில் மும்பை நாணயச்சாலையின் புழக்க நாணயங்களில் வைரக்குறி இருக்க, அதே சாலையின் ப்ரூஃப் நாணயங்களில் 1969 முதல் ‘பி’ (B) எழுத்தும், நகரத்தின் ஆங்கிலப் பெயர் மாறிய பிறகு ‘எம்’ எழுத்தும் இடம்பெற்றன. உதிரியாக விற்பனைக்கு வரும் ஒரு நாணயம், மெருகேற்றப்பட்ட சாதாரண நாணயமா, ஏதோ ஒரு செட்டிலிருந்து கழன்று வந்த ப்ரூஃபா என்ற ஐயத்தை இந்தச் சிறு குறி பல நேரங்களில் தீர்த்துவிடும்.

படி 2: செட் முழுமையானதா, அசலானதா என்று பாருங்கள்

நாணயங்களின் எண்ணிக்கை சரியாக இருந்தால் செட் முழுமை என்று நினைப்பது போதாது. அந்த நாணயங்கள் தொடக்கத்திலிருந்தே சேர்ந்து இருந்தவையா என்பதே கேள்வி. நல்ல நாணயத்தை எடுத்துக்கொண்டு, அதே ஆண்டின் சுமாரான நாணயத்தை அந்த இடத்தில் வைத்துவிடுவது இந்தத் துறையில் பழைய தந்திரம். ஒரே உறைக்குள் பல்லாண்டு இருந்த வெள்ளி நாணயங்கள் பொதுவாக ஒத்த சாயலில் நிறம் மாறியிருக்கும். நான்கு நாணயங்கள் மங்கிய பொன்னிறம் கொண்டிருக்க, ஐந்தாவது மட்டும் வெள்ளைவெளேர் என்று இருந்தால் அது பின்னால் வந்து சேர்ந்ததாகவோ, இரசாயனத்தில் முக்கித் துலக்கியதாகவோ இருக்கக்கூடும்.

இந்தப் படியில் அமெரிக்காவின் 1936 முதல் 1942 வரையிலான ப்ரூஃப் நாணயங்கள் நல்ல பாடம். அக்காலத்தில் நாணயச்சாலை அவற்றை ஒவ்வொன்றாகவே விற்றது. வேண்டியவர் வேண்டியதை வாங்கிக்கொள்ளலாம். 1936-இல் சென்ட் 5,569, ஐந்து சென்ட் 4,420, டைம் (பத்து சென்ட்) 4,130, குவார்ட்டர் (இருபத்தைந்து சென்ட்) 3,837, அரை டாலர் 3,901 என்ற அளவில் ப்ரூஃப்கள் தயாராயின. ஆகவே அந்த ஆண்டின் முழுச் செட்கள் எத்தனை சேர்த்தாலும் குவார்ட்டரின் எண்ணிக்கையான 3,837-ஐத் தாண்ட முடியாது. உண்மையில் எஞ்சியிருப்பவை அதைவிடக் குறைவு. இப்படிப்பட்ட செட்டுக்கு ‘அசல் உறை’ என்று எவரேனும் கூடுதல் விலை கேட்டால், நாணயச்சாலையே அன்று செட்டாக உறையிட்டுத் தரவில்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். இங்கே மதிப்பு முழுவதும் நாணயங்களின் தரத்திலும், அவை ஒன்றோடொன்று பொருந்தும் அழகிலும்தான் இருக்கிறது.

1950-இல் ப்ரூஃப் தயாரிப்பு மீண்டும் தொடங்கியபோது 51,386 செட்கள் வெளியாயின. 1957-இல் அது 12,47,952 ஆயிற்று. 1964-இல் 39,50,762-ஐத் தொட்டது. தொடக்க ஆண்டுகளில் சிறு அட்டைப்பெட்டியிலும், 1955-இன் இடையிலிருந்து தட்டையான நெகிழி உறையைக் கொண்ட காகித உறையிலும், 1968 முதல் கடினமான நெகிழிப் பேழையிலும் இவை வந்தன. எந்த ஆண்டுக்கு எந்த உறை என்று தெரிந்திருப்பது, செட் இடையில் மாற்றப்பட்டதா என்பதைக் கண்டுபிடிக்க உதவும் எளிய அறிவு. 1955-க்கு இரண்டு வகை உறைகளும் உண்டு என்பதால் அந்த ஆண்டில் மட்டும் அவசரப்பட வேண்டாம்.

நவீன செட்களுக்குப் பேழை, வெளிப்பெட்டி, உண்மைச் சான்றிதழ் மூன்றும் உடனிருக்க வேண்டும். அவை இல்லாத செட்டை வணிகர்கள் உதிரி நாணயங்களாகவே கணக்கிடுவார்கள். ‘திறக்கவே படாதது’ என்று சொல்லப்படும் ஒட்டிய உறைகளுக்குக் கூடுதல் விலை தர வேண்டுமா என்று பலரும் கேட்கிறார்கள். வேண்டாம் என்பதே என் கருத்து. உள்ளே இருப்பதைப் பார்க்காமல் கொடுக்கும் தொகை மதிப்பீட்டில் சேராது. பழைய உறைகளைத் திறந்து பார்த்துவிட்டு மீண்டும் ஒட்டுவதும் கடினமான வேலை அன்று.

படி 3: உலோக மதிப்பைக் கணக்கிடுங்கள்

செட்டில் வெள்ளியோ தங்கமோ இருந்தால், அதன் உலோக மதிப்புதான் விலையின் அடித்தளம். 1964 வரையிலான அமெரிக்கச் செட்டை எடுத்துக்கொள்வோம். டைம் 2.50 கிராம், குவார்ட்டர் 6.25 கிராம், அரை டாலர் 12.50 கிராம், மொத்தம் 21.25 கிராம். இவை 90 விழுக்காடு வெள்ளி என்பதால் தூய வெள்ளி 19.125 கிராம், அதாவது ஏறத்தாழ 0.615 டிராய் அவுன்ஸ். ஒரு டிராய் அவுன்ஸ் 31.1035 கிராம். அன்றைய வெள்ளி விலையை இந்த 0.615-ஆல் பெருக்கினால் அடித்தளம் கிடைத்துவிடும். வெள்ளி விலை ஏறும் காலங்களில், பரவலாகக் கிடைக்கும் ஆண்டுகளின் செட்கள் இந்த அடித்தளத்தை ஒட்டியே கைமாறும். அப்போது செட்டா உதிரியா என்ற வேறுபாடே ஏறக்குறைய மறைந்துவிடும்.

1992 முதல் அமெரிக்க நாணயச்சாலை ஒரே ஆண்டுக்குச் சாதாரண உலோகச் செட், வெள்ளிச் செட் என இரண்டையும் வெளியிடுகிறது. முகப்பில் பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். உதிரியாகக் கிடைத்தால் விளிம்பைப் பாருங்கள்; செம்பு நிறக் கோடு தெரிந்தால் அது வெள்ளி அன்று. நிறுத்துப் பார்த்தால் ஐயமே இராது: சாதாரண குவார்ட்டர் 5.67 கிராம், 90 விழுக்காடு வெள்ளிக் குவார்ட்டர் 6.25 கிராம். 2019 முதல் வெள்ளிச் செட்டின் நாணயங்கள் 99.9 விழுக்காடு தூய்மையில் வருவதால், ஆண்டுக்கேற்பக் கணக்கை மாற்றிக்கொள்ள வேண்டும்.

படி 4: விலையைத் தாங்கும் நாணயம் எது என்று கண்டுபிடியுங்கள்

பெரும்பாலான செட்களில் மதிப்பு எல்லா நாணயங்களிலும் சமமாகப் பரவியிருப்பதில்லை. ஒன்றோ இரண்டோ நாணயங்கள் விலையைத் தாங்க, மற்றவை உடன்வருபவையாகவே இருக்கும். அந்த நாணயத்தைக் கண்டுபிடிப்பதுதான் இந்த வேலையின் மையம். இங்கே செலவிடும் நேரம் ஒருபோதும் வீண்போகாது.

சில செட்களில் அது பிழை நாணயம். அச்சில் ‘எஸ்’ எழுத்தைப் பொறிக்க விட்டுப்போனதால், 1968, 1970, 1983 ஆண்டுகளின் ப்ரூஃப் டைம்களிலும், 1971-இன் ஐந்து சென்ட் ப்ரூஃபிலும் எழுத்தில்லாத சில நாணயங்கள் செட்களுக்குள் சென்றுவிட்டன. 1975-இன் எழுத்தில்லா ப்ரூஃப் டைம் உலகில் இரண்டே இரண்டுதான் அறியப்பட்டுள்ளன. 1990-இன் எழுத்தில்லா ப்ரூஃப் சென்ட்டும் இந்த வரிசையில் சேரும். ஆகவே இந்த ஆண்டுகளின் செட்கள் கைக்கு வந்தால் பெட்டியின் மேல் உள்ள ஆண்டைப் பார்த்து விலை சொல்லாமல், ஒவ்வொரு நாணயத்திலும் எழுத்து இருக்கிறதா என்று உருப்பெருக்கியால் பார்த்துவிட வேண்டும். பிரிட்டனின் 1983 இரண்டு பென்ஸ் நாணயத்தின் கதையும் இப்படித்தான். 1982 முதலே வாசகம் ‘டூ பென்ஸ்’ என்று மாற்றப்பட்டிருந்தும், 1983-இன் சில உறையிட்ட செட்களில் பழைய ‘நியூ பென்ஸ்’ வாசகத்துடன் நாணயங்கள் இடம்பெற்றுவிட்டன. அவை ப்ரூஃப் செட்கள் அல்ல என்றாலும் பாடம் ஒன்றே: செட்டின் விலை முழுவதையும் ஒரு சிறு நாணயம் தாங்குகிறது.

வேறு சில செட்களில் அது பிழை அன்று, வகை. 1960-இன் செட்களில் சென்ட் நாணயம் சிறிய ஆண்டெண், பெரிய ஆண்டெண் என இரண்டு வகைகளில் உண்டு, சிறியதுதான் அரிது. 1964-இன் கென்னடி அரை டாலர் ப்ரூஃப்களில், காதுக்கு மேலே முடியின் கோடுகள் அழுத்தமாகத் தெரியும் தொடக்ககால வகைக்குத் தனி மதிப்பு. 1979-இன் செட்டில் ‘எஸ்’ எழுத்து மழுங்கிய முதல் வகையும், தெளிவான இரண்டாம் வகையும் இருக்கின்றன. இந்த 1979 செட் தனியே கவனிக்கத்தக்கது. ஆறு நாணயங்களிலும் இரண்டாம் வகை எழுத்து இருந்தால்தான் அது ‘இரண்டாம் வகைச் செட்’. ஐந்தில் இருந்து ஒன்றில் இல்லாவிட்டால் அந்தப் பெயருக்குத் தகுதி இல்லை. அதாவது, செட் என்ற முழுமைக்கே சந்தை பணம் கொடுக்கும் மிகச் சில இடங்களில் இது ஒன்று. இத்தகைய செட்டைப் பிரிப்பது, இருக்கும் மதிப்பைக் கையாலேயே அழிப்பதாகும்.

இதற்கு நேர் எதிரான நிலை 1995-இல் வந்த, அமெரிக்கக் கழுகு என்ற தங்க, வெள்ளி நாணய வரிசையின் பத்தாம் ஆண்டு நிறைவுச் செட். நான்கு தங்க ப்ரூஃப்களுடன், வெஸ்ட் பாயின்ட் நாணயச்சாலையின் ‘டபிள்யூ’ எழுத்துள்ள ஒரு வெள்ளி டாலர் ப்ரூஃப் அதில் இருந்தது. அந்த வெள்ளி நாணயம் வேறெந்த வழியிலும் விற்கப்படவில்லை. மொத்தம் 30,125 மட்டுமே. தங்க நாணயங்கள் நான்கும் சேர்ந்து 1.85 அவுன்ஸ் தங்கத்தின் விலையை ஒட்டியே நகர்கின்றன. வெள்ளி டாலரோ, கழுகு வரிசையை ஆண்டுவாரியாக நிரப்புகிறவர் ஒவ்வொருவருக்கும் தேவைப்படுவதால் தனி வழியில் விலை போகிறது. வாங்குபவர்கள் இப்படி இரு கூட்டமாகப் பிரிந்திருக்கும் செட்டில், உதிரியாக மதிப்பதே சரியான கணக்கு.

படி 5: நாணயங்களின் தரத்தை வெளிச்சத்தில் பாருங்கள்

கூரை விளக்கின் பரவிய ஒளி இதற்குப் போதாது. ஒரு புள்ளியிலிருந்து விழும் மேசை விளக்கின் கீழே பேழையை மெல்லச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். கண்ணாடித் தளம் ஒரு கோணத்தில் கறுத்து, மறு கோணத்தில் ஒளிரும். ஒளி மாறும் அந்த நொடியில்தான் மயிரிழைக் கீறல்கள் வெளிப்படும். எல்லாம் ஒரே திசையில் ஓடினால் யாரோ துணியால் துடைத்திருக்கிறார்கள் என்று பொருள். ப்ரூஃப் தளத்தில் மென்மையான பருத்தித் துணி பட்டால்கூடத் தழும்பு விழும். அதை எதனாலும் திருப்பிச் சரிசெய்ய முடியாது.

அடுத்து, தளத்துக்கும் உருவத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பாருங்கள். உருவம் பனி படிந்தது போல வெண்மையாகவும், தளம் கறுத்த கண்ணாடியாகவும் தெரிந்தால் அது கேமியோ. 1960-கள் வரை அச்சின் மேற்பரப்பு விரைவில் வழவழப்பாகிவிட்டதால், புதிய அச்சிலிருந்து முதலில் வந்த நாணயங்களில் மட்டுமே இந்தத் தோற்றம் வலுவாக இருக்கும். ஆகவே 1950-களின் ஒரு செட்டில் அழுத்தமான கேமியோ அரை டாலர் இருப்பது, அந்தச் செட்டைப் பிரிப்பதற்கான வலுவான காரணங்களில் ஒன்று. அண்மைக்கால ப்ரூஃப்களில் ஏறத்தாழ எல்லாமே ஆழ்ந்த கேமியோவாக வருகின்றன. அங்கே அதற்குத் தனி விலை எதிர்பார்க்கக் கூடாது.

வெள்ளியில் பால் சிந்தியது போன்ற வெண்புள்ளிகள், செம்பில் கருந்துளிகள், நெகிழி உறையிலிருந்து படியும் மங்கலான படலம் ஆகியவை விலையைக் குறைக்கும். பச்சை நிறப் பிசுபிசுப்பு கண்டால் அது பி.வி.சி. என்ற நெகிழியால் ஆன உறையின் வேலை, உடனே பாதுகாப்பான உறைக்கு மாற்ற வேண்டிய ஒரே நிலை அதுதான்.

தர எண்களைப் பற்றியும் அறிந்திருங்கள். 1 முதல் 70 வரையிலான அளவுகோலில், குறையற்றது 70. 1986-இல் தொடங்கிய பி.சி.ஜி.எஸ்., 1987-இல் தொடங்கிய என்.ஜி.சி. ஆகிய இரண்டு நிறுவனங்களின் தரச்சான்றுகள் பரவலாக ஏற்கப்படுகின்றன. நவீன ப்ரூஃப்களில் 69-க்கும் 70-க்கும் இடையே வெறுங்கண்ணுக்குத் தெரியாத வேறுபாடே இருந்தாலும் விலையில் பெரிய இடைவெளி இருக்கும். 69 வந்தால் சான்றுக்கான கட்டணம்கூடத் திரும்பாமல் போகலாம். எனவே ‘70 வரும்’ என்ற நம்பிக்கையில் போடும் கணக்கைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

படி 6: இரண்டு கணக்குகளையும் எழுதுங்கள்

ஒரு தாளை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கத்தில், இதே ஆண்டு, இதே வகை, இதே நிலையில் உள்ள முழுச் செட்கள் ஏலங்களில் உண்மையில் விற்று முடிந்த விலைகளை எழுதுங்கள். விற்பவர் கேட்கும் விலை எதற்கும் ஆதாரம் ஆகாது. ஒரே ஒரு விற்பனையை நம்பாமல் அண்மைக்கால விற்பனைகள் பலவற்றைப் பாருங்கள். மிக உயர்ந்ததை விட்டுவிட்டு நடுவில் உள்ளதை எடுங்கள். நாணயச்சாலை வெளியிட்ட விலையையும் இந்தப் பக்கத்தில் எழுதாதீர்கள், ஏனெனில் பல நவீன செட்கள் வெளியீட்டு விலைக்குக் கீழேயே கைமாறுகின்றன.

வலப்பக்கத்தில், விலையைத் தாங்கும் நாணயத்துக்கு, சான்று பெறாத உதிரியாகக் கிடைக்கும் விலையையும், நீங்கள் நேர்மையாக எதிர்பார்க்கும் தரத்தில் சான்று பெற்றால் கிடைக்கும் விலையையும் தனித்தனியே எழுதுங்கள். மிஞ்சும் நாணயங்களுக்கு வணிகர் தரும் வாங்கும் விலையை மட்டுமே போடுங்கள். வெள்ளியாக இருந்தால் உலோக மதிப்பு, இல்லையென்றால் முக மதிப்பை ஒட்டிய தொகை. இந்த மொத்தத்திலிருந்து தரச்சான்றுக் கட்டணம், அனுப்பும் செலவு, காப்பீடு, ஏலத் தரகு ஆகியவற்றைக் கழியுங்கள்.

வலப்பக்கம் சிறிதளவு மட்டும் அதிகமாக இருந்தால் பிரிக்க வேண்டாம். நீங்கள் எதிர்பார்த்த தரம் ஒரு எண் குறைந்தாலே அந்த அதிகம் காணாமல் போய்விடும். முக்கிய நாணயம் எதிர்பார்த்ததைவிட ஒரு தரம் தாழ்ந்து வந்தாலும் வலப்பக்கம் தெளிவாக மேலே நின்றால் மட்டுமே பிரிப்பதற்குப் பொருள் உண்டு.

இதே தாள் வாங்கும்போதும் பயன்படும். ஒரு ப்ரூஃப் நாணயம் மட்டும் வேண்டும் என்று உதிரியாகத் தேடுகிறவர்கள், அந்த நாணயம் உள்ள முழுச் செட்டின் விலையைக் கேட்காமல் வாங்கிவிடுகிறார்கள். அரிய வகையோ உயர்ந்த சான்றோ இல்லாத நாணயத்துக்குச் செட்டின் விலைதான் உச்சவரம்பு. அதற்கு மேல் கொடுக்க எந்தக் காரணமும் இல்லை. செட்டையே வாங்கிக்கொண்டால் மற்ற நாணயங்களும் உறையும் கூடவே வந்துவிடும்.

படி 7: பிரிப்பது என்று முடிவானால்

திறப்பதற்கு முன் பேழையின் இரு பக்கங்களையும், சான்றிதழையும், வெளிப்பெட்டியையும் படம் எடுத்து வையுங்கள். பின்னாளில் நாணயம் எங்கிருந்து வந்தது என்று கேட்பவருக்கு அதுவே ஆதாரம். கடினப் பேழைகளைக் கூர்மையான கருவியால் நெம்பினால், கருவி வழுக்கி நாணயத்தின் முகத்தைக் கிழித்துவிடும்; ஆகவே தடித்த துணி விரித்த மேசையில், நாணயங்களிலிருந்து மிகத் தொலைவான மூலையில் தொடங்கிப் பொறுமையாகத் திறக்க வேண்டும். நாணயத்தை விளிம்பில் மட்டுமே பிடியுங்கள். அதன் மேல் குனிந்து பேசக்கூட வேண்டாம், ஏனெனில் எச்சில் துளி விழுந்த இடம் சில மாதங்களில் கறையாகும். எடுத்த நாணயத்தைப் பி.வி.சி. இல்லாத உறையில் உடனே வைத்து, அதே நாளில் அதன் எடையையும் குறிப்பையும் எழுதிக்கொள்ளுங்கள். வெறுமையான பேழையையும் சான்றிதழையும் தூக்கி எறியாதீர்கள். மிஞ்சிய நாணயங்களை ஒன்றாகவே விற்க நினைத்தால் அவற்றையும் உடன் வைத்து, முக்கிய நாணயம் எடுக்கப்பட்டுவிட்டது என்பதை விற்பனைக் குறிப்பிலேயே தெளிவாக எழுதிவிடுங்கள்.